மாசி, பங்குனியில் பறவை பார்க்க எங்கே போகலாம்: குமணவா, வாவிக் கரையா, அறுத்த வயலா?

மாசி பிறந்தாலே ஒரே கேள்விதான் வரும். "ஒரு நாள் லீவு இருக்கு, பறவை பார்க்க எங்கே போகலாம்?" கேட்பவர் மட்டக்களப்பாக இருந்தாலும் கல்முனையாக இருந்தாலும் பதிலையும் அவரே கையில் வைத்திருப்பார்: குமண தேசிய பூங்கா. நான் அதற்கு மாறாகத்தான் சொல்வேன். கையில் இருப்பது ஒரே ஒரு நாள், மாதம் மாசியோ பங்குனியோ என்றால், விடியும்போது மட்டக்களப்பு வாவிக் கரையில் நில்லுங்கள், வெயில் ஏறியதும் படுவான்கரையில், அதாவது வாவியின் மேற்குக் கரையில், அறுத்த வயல்களுக்குப் போங்கள். குமண பிறகு. அவசரமாக முடிவு தேவைப்படுபவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். மற்றவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் மட்டக்களப்பு, அம்பாறை என்ற நம் இரண்டு மாவட்டத்திலும் ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனிக் காலம் உண்டு, அது தெரியாமல் போனால் நல்ல இடமும் வெறும் இடமாகத் தெரியும்.

காரணம் மழையிலிருந்து தொடங்குகிறது. நமக்கு மழை கார்த்திகை, மார்கழியில். வடகீழ்ப் பருவக்காற்று ஓய்ந்து தை கழியும்போது குளங்கள் நிரம்பிக் கிடக்கும், வாவி மெதுவாக வடியத் தொடங்கும், பெரும்போக நெல் அறுவடைக்கு வந்துவிடும். அதே வேளையில்தான், சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுப் பனிக்குத் தப்பி இங்கே வந்த பறவைகளும் திரும்பிப் போக ஆயத்தமாகும். ஆவணி, புரட்டாதியில் வரத் தொடங்கியவை சித்திரை நடுவுக்குள் பெரும்பாலும் போய்விடும். வந்த புதிதில் உள்ளான் (சேற்றில் இரை தேடும் சிறு கரைப்பறவை) எல்லாம் ஒரே சாம்பல்தான், எது எதுவென்று பிரிப்பதற்குள் கண் நொந்துவிடும். பங்குனியில் அப்படியில்லை. கிளம்புவதற்கு முன்பே பல பறவைகள் இனப்பெருக்க நிறத்துக்கு மாறிவிடும், ஆர்க்டிக் கரைக்குப் போனால்தான் பார்க்கலாம் என்றிருக்கும் நிறத்தைக் கல்லடியில் நின்றே பார்த்துவிடலாம். வருடத்தில் சில கிழமைகள் மட்டும் கிடைக்கிற காட்சி இது. அந்தக் கிழமைகளை எந்த இடத்தில் செலவழிப்பது என்பதுதான் விஷயம்.

முதலில் குமணவையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் எல்லோர் வாயிலும் அதுதான். அதன் பெருமையை நான் ஒரு துளியும் குறைக்க மாட்டேன். 1938இலேயே பறவைகள் சரணாலயம் ஆனது, 1970இல் யால கிழக்குத் தேசிய பூங்கா ஆனது, யுத்தத்தில் 1985 முதல் 2003 வரை மூடிக்கிடந்து, 2006இல் குமண என்ற பெயர் பெற்று, 2010இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. 250க்கு மேற்பட்ட பறவையினங்கள் பதிவாகியிருக்கின்றன. உகந்தை முருகனைக் கும்பிட்டுவிட்டுக் கதிர்காமத்துக்குக் காட்டுவழி நடந்தவர்களுக்கு அந்தக் காடு நன்றாகத் தெரியும். ஆனால் குமண என்றதும் எல்லோர் மனதிலும் வரும் படம், வில் எனப்படும் நீர்நிலையைச் சுற்றியுள்ள கண்டல் மரங்களில் கிளைக்குக் கிளை கூடு கட்டி நாரையும் கரண்டிவாயனும் அரிவாள் மூக்கனும் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் படம், அது வைகாசி, ஆனியில் எடுத்தது. மாசியில் போனால் அது இருக்காது. பறவை இருக்கும், நிறையவே இருக்கும், ஆனால் நீர் எங்கும் பரந்து கிடப்பதால் அவையும் பரந்து கிடக்கும். கூடு பார்க்கப் போனவர்கள் வெறுங்கையோடு வந்ததாக நினைத்துக்கொள்வார்கள், குற்றம் குமணவில் இல்லை, மாதத்தில்.

செலவையும் பாருங்கள். மட்டக்களப்பிலிருந்து உகந்தை வாசலுக்கு ஏறக்குறைய 140 கிலோமீட்டர். வாசல் திறக்கும் நேரத்துக்கு அங்கே நிற்க வேண்டுமென்றால் முதல் நாள் இரவே பாணமையிலோ அறுகம்பேயிலோ தங்க வேண்டும். பிறகு ஜீப், அனுமதிச் சீட்டு, கூட வரும் வழிகாட்டி. நினைத்த இடத்தில் இறங்கி நிற்க முடியாது, அது காட்டுச் சட்டம், அப்படித்தான் இருக்கவும் வேண்டும். நான்கைந்து பேர் சேர்ந்தால் தாங்கும், தனியாள் என்றால் கை கடிக்கும். ஒரு ஆறுதல், அறுகம்பேயில் அலைச்சறுக்குக் கூட்டம் சித்திரைக்குப் பிறகுதான் வரும், அதனால் மாசியில் அறைகள் மலிவாகக் கிடைக்கும்.

அப்படியென்றால் இப்போது குமண யாருக்கு? கருங்கழுத்து நாரையை ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்று ஏங்குபவர்களுக்கு. இலங்கையில் விரல் விட்டு எண்ணும் அளவுதான் மிஞ்சியிருக்கும் பறவை, அதைப் பார்க்க வாய்ப்புள்ள மிகச் சில இடங்களில் குமணவும் ஒன்று. ஆள் உயரத்துக்குக் கிட்ட வரும், சிவந்த நீண்ட கால், வெயில் பட்டால் கழுத்தில் கறுப்பு பச்சையாகவும் ஊதாவாகவும் மாறி மாறி மின்னும். கண்ணைப் பார்க்கக் கிடைத்தால் ஆண் பெண் பிரிக்கலாம், பெண்ணுக்கு மஞ்சள் கண், ஆணுக்குக் கரிய கண். அது ஒன்றுக்காகவே போவேன் என்றால் போங்கள், நான் தடுக்க மாட்டேன். காட்டுப் பறவைகளும் அங்கேதான், இருவாட்சி, ஆறுமணிக் குருவி எல்லாம் வாவிக் கரையில் கிடைக்காது.

சரி, இனி வாவி. வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை 56 கிலோமீட்டர் நீளம். இவ்வளவு நீளத்தில் எங்கே நிற்பது என்பதைத் தீர்மானிப்பது இரண்டு விஷயம்: நீர்மட்டமும் வெளிச்சமும்.

நீர்மட்டம் பற்றி முதலில். வெளிநாட்டுக் கையேடுகளைப் படித்தவர்கள் கடல் வற்றும் நேரம் பார்த்துப் போவார்கள். நம் கரையில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீற்றர்கூட இல்லை, அதை நம்பி ஒன்றும் ஆகாது. இங்கே சேறு வெளிப்படுவதும் வெளிப்படாததும் முகத்துவாரத்தின் கையில். மாரியில் வெள்ளம் முட்டினால் முகத்துவாரம் தானாக உடைக்கும், இல்லாவிட்டால் வெட்டிவிடுவார்கள். திறந்திருந்தால் வாவி வடிந்து கரையோரம் சேற்றுத்திட்டுகள் கிளம்பும், உள்ளானும் உப்புக்கொத்தியும் அங்கே குவியும். மணல் சீக்கிரம் மூடிக்கொண்ட வருடங்களில் தண்ணீர் நின்றுவிடும், சேறு கிடைக்காது, பறவை வயலுக்கும் குளத்துக்கும் சிதறிவிடும். அதனால் புறப்படுவதற்கு முதல் நாள் பாலமீன்மடுப் பக்கம் தோணி வைத்திருக்கும் யாரையாவது கேளுங்கள், "அண்ணன், ஆத்துவாய் திறந்திருக்கா?" அந்த ஒரு பதில் எந்தச் செயலியையும் விடப் பெறுமதியானது.

வெளிச்சம் இன்னும் எளிது. கிழக்குக் கரையான எழுவான்கரையில் நின்றால் வாவி மேற்கே, காலைச் சூரியன் முதுகுக்குப் பின்னால், பறவையின் ஒவ்வொரு இறகும் தெளியும். பின்னேரம் அதே இடத்தில் நின்றால் எல்லாம் கறுப்பு நிழல். படுவான்கரையில் இதற்கு நேர்மாறு. ஆகவே காலையில் இந்தப் பக்கம், வெயில் தாழ அந்தப் பக்கம். இதை மட்டும் கடைப்பிடித்தால் மலிவான பைனாகுலரிலும் பாதிப் பறவையைப் பெயர் சொல்லிவிடலாம். இன்னொன்று, பங்குனியில் ஒன்பது மணிக்கு மேல் சேற்றின் மீது கானல் ஆடத் தொடங்கிவிடும், தூரத்துப் பறவை எல்லாம் நெளியும். ஆறு மணிக்கே நிற்க வேண்டும்.

நிற்கும் இடங்கள்: வடக்கே பாலமீன்மடு வெளிச்சவீட்டடி, 1913இல் கட்டியது, அங்கிருந்து முகத்துவார மணல்திட்டும் கண்டலும் இரண்டும் எட்டும். நடுவில் 2014இல் திறந்த மண்முனைப் பாலமும் அதை ஒட்டிய வீதியும், இரு பக்கமும் ஆழமில்லாத தண்ணீர், எனக்குப் பிடித்த இடம் இதுதான். தெற்கே ஓந்தாச்சிமடம், கோட்டைக்கல்லாறு, பெரியகல்லாறு, பெருந்தெருவே தண்ணீரைத் தாண்டிப் போகும், மோட்டார் சைக்கிளை ஓரமாக விட்டுவிட்டு நிற்கலாம், வாகனம் பறக்கும் வீதி, பின்னால் கவனம். குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் பாதை (ஆட்களை ஏற்றும் மிதவைப் படகு) ஓடும் நாட்களில் அதில் ஏறி ஒரு சுற்றுப் போய் வந்தால் வாவியின் நடுவிலிருந்தே கூழைக்கடாவைப் பார்க்கலாம், சனங்களோடு சனமாக நிற்பதால் பறவை பயப்படுவதும் குறைவு.

என்ன பார்க்கலாம் என்று கேட்டால், ஒரே ஒரு பறவையை மட்டும் கிட்ட வைத்துச் சொல்கிறேன். நுனி கீழே வளைந்த கறுப்பு மூக்கோடு ஒரு சிறிய உள்ளான், ஆங்கிலத்தில் கர்லியூ சாண்ட்பைப்பர் (Curlew Sandpiper), கூட்டமாக முழங்காலளவுத் தண்ணீரில் தலையைத் தாழ்த்தித் தையல் மெஷின் ஊசி இறங்குவதுபோலக் குத்திக் குத்தி நடக்கும். மாசித் தொடக்கத்தில் முதுகு சாம்பல், வயிறு வெள்ளை. மாசிக் கடைசியில் அதே கூட்டத்தைப் பார்த்தால் சிலவற்றின் வயிற்றில் திட்டுத் திட்டாகச் செங்கல் நிறம் எழும்பியிருக்கும், வெள்ளைத் துணியில் கறை பட்டதென்றுதான் முதலில் தோன்றும். பங்குனி முதிர முதிர அந்தத் திட்டுகள் ஒன்றோடொன்று சேரும், சித்திரை வரை தங்கும் ஒன்றிரண்டு முகத்திலிருந்து வயிறு வரை முழுச் சிவப்பாகிவிடும். இது குஞ்சு பொரிப்பது சைபீரியாவின் வடகோடியில். ஒரே கூட்டத்தில் ஒரே நேரத்தில் சாம்பல், திட்டு, முழுச் சிவப்பு மூன்றையும் பார்க்கும் நாள் ஒன்று அமைந்தால், வேறெங்கும் போக வேண்டிய தேவையே தோன்றாது.

அதே சேற்றில் மணல் உப்புக்கொத்தியின் நெஞ்சில் ஆரஞ்சுப் பட்டை எழும்பும், பொன்னிற முதுகுள்ள உப்புக்கொத்திக்கு வயிறு கறுக்கத் தொடங்கும், கருவால் மூக்கனுக்குக் கழுத்து சிவக்கும். மீசை ஆலா வெள்ளையும் சாம்பலுமாகத் திரிந்தது, கன்னத்தில் வெள்ளையை மட்டும் விட்டுவிட்டு வயிறு கரிய சாம்பலாகும். பழுப்புத்தலைக் கடற்காகத்துக்கு அந்தப் பழுப்புத் தலை வருவதே இப்போதுதான், மார்கழியில் பார்த்தவர்கள் கண்ணுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பொட்டை மட்டும்தான் பார்த்திருப்பார்கள். பவளக்காலி, செம்பருந்து, வெண்வயிற்றுக் கடற்கழுகு எல்லாம் எப்போதும் உள்ளவை, அவற்றுக்காகத் தனியாக அலைய வேண்டாம், தானாக வரும்.

வாவியின் குறை என்னவென்றால் தூரம். பறவை சில வேளை அரைக் கிலோமீட்டர் தள்ளி நிற்கும், 8×42 பைனாகுலர் இருந்தால் போதும் என்றாலும் யாராவது ஒருவரிடம் ஸ்கோப் இருந்தால் நாள் வேறு மாதிரி ஆகிவிடும். இன்னொரு குறை மனதை வருத்துவது: கண்டல் வேரோரம் கைவிட்டுப் போன தங்கூசி (நைலோன் இழை) வலைகள். அதில் சிக்கிச் செத்துக் காய்ந்த நீர்க்காகங்களைப் பார்த்திருக்கிறேன். கரையில் கிடக்கும் துண்டு வலையை அள்ளிக்கொண்டு வந்தால் பெரிய புண்ணியம், ஆனால் பாவனையில் உள்ள வலையில் கை வைக்காதீர்கள், அது ஒருவருடைய சோறு.

இப்போது வயல். இதை யாரும் பறவை பார்க்கும் இடமாகவே எண்ணுவதில்லை, எனக்கு அது பெரிய கவலை. மண்முனைப் பாலம் தாண்டிக் கொக்கட்டிச்சோலைப் பக்கமோ, பட்டிருப்புப் பாலம் தாண்டி வெல்லாவெளிப் பக்கமோ, அம்பாறை மாவட்டத்தில் சம்மாந்துறை, அக்கரைப்பற்று வட்டைகளிலோ (வயல்வெளிகளிலோ) மாசி, பங்குனியில் வெட்டு மெஷின் இறங்கியிருக்கும். மெஷின் போன தடத்தில் உண்ணிக்கொக்கு வரிசை கட்டி நடக்கும், தலைக்கு மேல் ஆலாக்கள் வட்டமிடும், மின்கம்பி முழுக்க நீலவால் பஞ்சுருட்டான் உட்கார்ந்து, கிளம்பும் தும்பியைக் காற்றிலேயே பிடித்துக்கொண்டு வந்து கம்பியில் அடித்துக் கொல்லும். ஈரம் மிஞ்சிய பள்ளங்களில் உள்ளான், மஞ்சள் வாலாட்டி. வெயில் ஏறியபின் பூனைப்பருந்து ஒன்று அரிதாளுக்கு ஒரு முழம் மேலே சிறகை மேல்நோக்கிப் பிடித்தபடி மிதந்து வந்தால் அன்றைய நாள் நிறைந்துவிடும்.

நத்தைகுத்தி நாரையை இங்கே கிட்டவே பார்க்கலாம். அலகின் இரண்டு பாகமும் நுனியில் சேரும், நடுவில் பாக்குவெட்டி மாதிரி ஒரு இடைவெளி தெரியும். குஞ்சுக்கு அந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் வரும். நத்தையை உடைத்துத் தின்கிறது என்றுதான் பலரும் சொல்வார்கள். உற்றுப் பாருங்கள், ஓடு முழுதாகவே மிஞ்சும். கீழலகின் நுனியை வாய்க்குள் விட்டு, சதையை ஓட்டோடு பிடித்திருக்கும் தசையை அறுத்து, சதையை மட்டும் உருவி எடுத்துவிடும். வரம்போரம் கிடக்கும் வெற்று ஓடுகளை எடுத்துப் பார்த்தாலே விளங்கும்.

வயலின் நல்ல பக்கம், செலவே இல்லை, நடு வெயிலிலும் பறவை இருக்கும், பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம். கெட்ட பக்கம், அது நிலைக்காது. இன்று பறவை நிறைந்து நின்ற வட்டையில் அடுத்த கிழமை மாடு மட்டும் மேயும். மெஷின் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தேநீர்க் கடையில் கேட்டுத்தான் போக வேண்டும். வயலுக்குள் இறங்குமுன் வயற்காரரிடம் ஒரு சொல் கேளுங்கள், யாரும் மறுக்க மாட்டார்கள், இளநீரும் வெட்டித் தருவார்கள். பின்னேரம் ஐந்து மணிக்கு மேல் வெல்லாவெளி, உன்னிச்சைப் பக்கம் நிற்காதீர்கள். யானை இறங்கும் நேரம் அது, அங்கே சனங்கள் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள். பறவைக்காக அந்த அபாயத்தை எடுக்க வேண்டாம்.

குளங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். வலையிறவுப் பாலம், வவுணதீவு, ஆயித்தியமலை வழியாக உன்னிச்சைக் குளம், திருக்கோவில் பக்கம் சாகாமக் குளம், அம்பாறை நகரை ஒட்டிக் கொண்டவெட்டுவான். மாசியில் குளம் நிரம்பி நிற்பதால் கரையோரச் சேறு குறைவு, பறவை நடுவில் நிற்கும். காட்டுத்தாராக்களை நம்பிப் பங்குனியில் போகாதீர்கள், ஊசிவால் வாத்து போன்றவை சீக்கிரமே கிளம்பிவிடும், தைதான் அதற்கு மாதம். தாமரை நிறைந்த குளமென்றால் மட்டும் போகலாம், நீளவால் இலைக்கோழிக்கு அந்த நீண்ட வால் வளரும் காலம் இது. மற்றபடி ஆடி, ஆவணியில் வற்றும்போதுதான் குளம் குளமாக இருக்கும், பறவை பார்ப்பவர்களுக்கு.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு லாகுகலவையும் பொத்துவிலையும் சேர்த்துச் சொல்வேன். பொத்துவிலிலிருந்து மொனராகலை வீதியில் 15 கிலோமீட்டர் அளவு போனால் லாகுகல, 1980இல் தேசிய பூங்கா ஆனது, சிறிய பூங்கா, 1,554 ஹெக்டேயர்தான். ஜீப் வேண்டாம், குளக்கட்டில் நின்றாலே புல் மண்டிய குளமும் அதில் நிற்கும் நாரைகளும் தெரியும், அதிர்ஷ்டம் இருந்தால் யானையும். வீதியோரப் பெருமரங்களில் செம்முகப் பூங்குயில் தட்டுப்படுவதுண்டு, உலகத்தில் இலங்கையில் மட்டும் வாழும் பறவை. காலையில் அது, பின்னேரம் பொத்துவில் களப்பில் மீனவர்கள் தோணியில் கூட்டிப் போவார்கள், இயந்திரச் சத்தமில்லாமல் துடுப்பு வலித்தே கண்டலுக்குள் போவதால் மீன்கொத்தியும் இராக்கொக்கும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சேற்றோரம் நிற்பதைவிட இது நூறு மடங்கு நல்லது. நிற மாற்றம், பெரிய கூட்டம் என்று எதிர்பார்க்க வேண்டாம், அவ்வளவுதான்.

சேனாநாயக்க சமுத்திரம் தனிக் கதை. கல்லோயாத் தேசிய பூங்கா 1954இல் அமைந்தது, இலங்கையின் மிகப் பெரிய குளம் அதற்குள்தான். இங்கினியாகலையிலிருந்து படகில் போய்த் தீவுகளைச் சுற்றிப் பார்க்கலாம், நீர்க்காகமும் கூழைக்கடாவும் மரம் மரமாக அடையும் தீவு ஒன்று உண்டு. ஆனால் படகுச் செலவு தனியாளுக்குக் கட்டாது, நீர் குறையத் தொடங்கிக் கரையில் புல் முளைக்கும்போதுதான் யானையும் பறவையும் ஒன்றாகக் கிடைக்கும். பங்குனிக் கடைசியிலிருந்து பார்க்கலாம். மாசியில் வேண்டாம்.

எங்கே போனாலும் ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். முகத்துவார மணல்திட்டில் ஆலாவும் உள்ளானும் கூட்டமாகப் படுத்திருந்தால் கிட்டப் போகாதீர்கள், ஒரே நேரத்தில் எழுந்து பறக்கும் வீடியோவுக்காக ஓடிக் கலைக்காதீர்கள், மணலில் மோட்டார் சைக்கிள் விடாதீர்கள், டிரோன் வேண்டவே வேண்டாம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறப்பதற்கு உடம்பில் கொழுப்புச் சேர்க்கும் கிழமைகள் இவை, கலைத்து எழுப்பும் ஒவ்வொரு முறையும் சேர்த்ததில் கொஞ்சம் கரைகிறது. பங்குனியில் ஆட்காட்டி தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றினால் காலடியில் முட்டை இருக்கிறது என்று அர்த்தம், வந்த தடத்திலேயே திரும்பிவிடுங்கள்.

பார்த்ததைக் குறித்தும் வையுங்கள், ஈபேர்ட் (eBird) பறவைப் பதிவுத் தளத்தில் போட்டாலும் சரி, கொப்பியில் எழுதினாலும் சரி. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஜனவரியில் நடப்பது, அதனால் எது எப்போது இங்கிருந்து கிளம்புகிறது என்பதை அது காட்டாது. அது பங்குனியிலும் சித்திரையிலும் கரையில் நிற்பவர்கள் எழுதினால்தான் தெரியும். ஒவ்வொரு இனத்தையும் முதலில் பார்த்த நாளைவிடக் கடைசியாகப் பார்த்த நாளையும் இடத்தையும் எழுதுங்கள், நிறம் மாறியிருந்ததா என்பதையும் சேர்த்து.